நீண்ட வலது வளைவு

வீட்டைப் பிரித்தோம். நாய் அவனுக்கு,
நாயின் ஊசிச் செலவில் பாதி எனக்கு.
இருபத்தாறு வயதான இந்தச் சாம்பல் நிறக் காரை மட்டும்
நீதிபதியாலும் பிரிக்க முடியவில்லை.
ஒற்றைப்படை மாதங்கள் ராடோவானுக்கு,
இரட்டைப்படை எனக்கு.

இருக்கைக்கு அடியில் கோடு போட்ட நோட்டு ஒன்று.
முன்பக்கத்திலிருந்து அவன் எழுதுவான்,
பின்பக்கத்திலிருந்து நான்.
எண்ணெய் மாற்றிய தேதி, டயர் காற்று, பிரேக் கட்டை.
நடுவில் எண்பது வெற்றுத் தாள்.
அடுத்தவர் பக்கத்தைப் புரட்டுவதில்லை.
யாரும் கையெழுத்துப் போடாத ஒப்பந்தம் அது.

மோஸ்ட் என்றால் செக் மொழியில் பாலம்.
நிலக்கரிக்காகப் பழைய ஊரையே தோண்டி எடுத்த இடம்.
தேவாலயத்தை மட்டும் தண்டவாளத்தில் ஏற்றி
மெல்ல மெல்ல நகர்த்திக் காப்பாற்றினார்கள்.
சுரங்கம் துப்பிய மண்மேல் ஓடுகிறது பந்தயப் பாதை.
ஆகஸ்ட். சனிக்கிழமை. என் மாதம்.

மூன்றாம் சுற்றில் பார்த்தேன்.
நீண்ட வலது வளைவில்
உடம்பு இடக் கதவோடு ஒட்டிக்கொள்ள,
எண்ணெய் அழுத்த முள்
நான்கிலிருந்து ஒன்றுக்கு விழுந்தது.
நேர்பாதை வந்ததும் எழுந்துகொண்டது,
ஒன்றுமே நடக்காததுபோல.
அந்த முகபாவம் எனக்குப் பழக்கம்.
ஆறு வருடம் சாப்பாட்டு மேசையில் பார்த்திருக்கிறேன்.
எழுந்துவிட்டதே, என்று மிதித்தேன்.

உள்ளே நடந்ததை இப்போது சொல்ல முடியும்.
வளைவு நீள நீள எண்ணெயெல்லாம்
தொட்டியின் இடச் சுவரில் ஏறி நின்றிருக்கிறது.
அடியில் வாய் வைத்து உறிஞ்சும் குழாய்க்குக்
கிடைத்தது காற்று.
தாங்கிக்குத் தேவையோ
தலைமுடியைவிட மெல்லிய ஓர் ஏடு.
அது இல்லாத ஒரு விநாடியில்
உலோகம் உலோகத்தைத் தொட்டுப் பார்க்கும்.
அடுத்த சுற்றிலும் தொடும்.

ஐந்தாவதைப்போல் ஒரு சுற்றை நான் ஓட்டியதே இல்லை.
ஆறாவதில், வெண்ணெய் திரளும் நேரத்தில், தாழி.
முதலில் ஒரு தட்டல்,
கீழ்வீட்டுக்காரன் துடைப்பக்கட்டையால்
கூரையை இடிப்பதுபோல.
டக். டக்டக்.
அப்புறம் சிவப்பு விளக்கு.
அது எப்போதும் துக்கம் விசாரிக்கத்தான் வரும்.
அப்புறம் ஒரு சத்தம். அதற்கு உவமை தேடவில்லை.
என் எண்ணெயே என் பின்சக்கரத்துக்கு அடியில்.
கார் ஒரு முறை சுழன்று, புல்லில்,
வந்த வழியைப் பார்த்து நின்றது.

மஞ்சளில் சிவப்புப் பட்டை போட்ட கொடி.
கொடிக்காரி ஹெட்விகா, அறுபது இருக்கும்,
தூளை வாளி வாளியாய்க் கொட்டிப்
பெருக்கிக்கொண்டே கேட்டாள்: "எத்தனை லிட்டர்?"
"ஐந்தரை."
"நல்ல எண்ணெயா?"
"விலை ஜாஸ்தி."
"வழுக்குகிறது," என்றாள், பாராட்டுவதுபோல.

மாலை ராடோவான் டிரெய்லரோடு வந்தான், நாயும்.
எஞ்சின் பிளாக்கில் கை நுழையும் ஓட்டை.
டார்ச் அடித்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.
எண்ணெய் வடிகட்டியை அறுத்து விரித்தால்
மடிப்புக்கு மடிப்பு மினுக்கம்,
பட்டுப்புடவை ஜரிகைபோல, தாங்கியின் தூள்.

"நோட்டைப் பார்க்கவில்லையா?"

முன்பக்கம். ஜூலை. அவன் கிறுக்கல்:
நீண்ட வலதில் முள் விழுகிறது.
தொட்டிக்குள் தடுப்புத் தகடு வைக்காமல் ஓட்டாதே.

ஓட்டாதே.
யாருக்கு எழுதினாய் என்று நான் கேட்கவில்லை.
என் பக்கத்தில், கடைசித் தாளில், ஜூன் மாதத்தில்
நானும் எழுதியிருந்தேன்: முள் ஆடுகிறது, சென்சார் கோளாறு?
அதை அவனும் கேட்கவில்லை.

நாய் சொட்டும் எண்ணெயை நக்கப் போனது.
இருவரும் ஒரே நேரத்தில் அதட்டினோம்,
ஒரே சொல்லால்.

சங்கிலியை இறுக்கிக்கொண்டே கேட்டான்:
"ஐந்தாவது சுற்று எவ்வளவு?"
"ஒன்று ஐம்பத்தொன்று புள்ளி நான்கு."
அவன் உதடு அசைந்தது.
தன்னுடையதிலிருந்து கழித்துப் பார்க்கிறான்.

"டயர் புதுசு," என்றான்.