நூற்றுப் பதினெட்டாம் படி

வால்பரைசோவில் எங்கள் குன்றின் சரிவு லிஃப்டில்
இருபத்திரண்டு வருஷமாகச் சீட்டுக் கிழிக்கிறேன்.
ஒரு பெட்டி ஏற வேண்டுமென்றால்
மற்றது இறங்கியாக வேண்டும்.
நான் படித்த பௌதிகம் அவ்வளவுதான்.

டாக்டர் பராஓனா மூன்று எண்களைச் சொன்னார்.
சர்க்கரையினுடையது, ரத்தத்தினுடையது, தராசினுடையது.
மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும்
ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.
அன்று சாயங்காலம்
அழுதுகொண்டே இரண்டு எம்பனாதா தின்றேன்.
உள்ளே வெங்காயம் அதிகம் என்று
கடைக்காரனிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

முன்பும் செய்ததுண்டு.
அன்னாசிப்பழ வாரம்,
முட்டைக்கோஸ் சூப் மாதம்,
மருமகள் அனுப்பிய பச்சைப் பொடி.
வந்தபோது அள்ளிக்கொண்டு போனதை
ஒவ்வொன்றும் போகும்போது
வட்டியும் முதலுமாகத் தந்துவிட்டுப் போயிற்று.

இந்தத் தடவை சபதம் எதுவும் இல்லை.
வேலை முடிந்து வீட்டுக்கு
லிஃப்டில் போகாமல் படியில் போவது.
அவ்வளவே.
படிகள் நூற்று அறுபத்து மூன்று.

முதல் நாள் முப்பத்தொன்று.
முப்பத்தோராம் படியில் ஒரு கறுப்பு நாய்
இந்தப் பொம்பளை இங்கேதான் உட்காருவாள் என்று
முன்பே தெரிந்ததுபோல நகர்ந்து இடம் விட்டது.
பக்கத்தில் என் லிஃப்டே என்னைக் கடந்து ஏறியது.
பெட்டியை நிறுத்தவா என்று
அபெலார்தோ மேலிருந்து சைகை காட்டினான்.
தலையாட்டி மறுத்தேன்.
ரோஷமில்லை.
பேச மூச்சு இல்லை.

முப்பத்தொன்று.
முப்பத்தொன்று.
முப்பத்தொன்று.
நாற்பத்து நான்கு.

ரொட்டிக்கடை தொண்ணூறாம் படியில்.
வாங்கியதையெல்லாம் நானே சுமந்து
மிச்சத்தை ஏற வேண்டும்.
என்னைவிட முதலில் இளைத்தது
என் கூடை.

ஜூலையில் மழை.
படிகளில் தண்ணீர் ஆறாக இறங்கியது.
மழை பெய்தால் பரங்கிக்காய் பிசைந்து
சோபைபியா பொரிப்பது
எங்கள் ஊரில் சட்டம் மாதிரி.
மூன்று வாரம் சட்டத்தை மதித்தேன்.

பழைய நோல்ஃபாவாக இருந்தால்
எல்லாம் போச்சு, திங்கட்கிழமை பார்க்கலாம் என்பாள்.
எத்தனை திங்கட்கிழமைகளை
இப்படிக் கொன்றிருக்கிறேன்.
மழை விட்டது ஒரு வியாழன்.
செருப்பு இன்னும் ஈரம்.
ஏறினேன்.
நாற்பத்து நான்கு எங்கோ போய்விட்டிருந்தது.
இருபத்தொன்பது.
நாய் இரண்டு படி கீழே வந்து படுத்தது.

எட்டு மாதத்தில் ஏழு கிலோ.
அதன் பிறகு தராசு
நகராட்சி அலுவலகம்போல உட்கார்ந்துவிட்டது.
மனு கொடுத்தேன், காத்திருந்தேன்,
முள் அசையவில்லை.
ஒரு நாள் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

பிறகு ஏன் ஏறினாய் என்று டாக்டர் கேட்டார்.
உடம்புக்காக என்றேன். பொய்.

நூற்றுப் பதினெட்டாம் படியில்
மஞ்சள் தகரச் சுவர் வீடு.
உள்ளே எவனோ ட்ராம்போன் பழகுகிறான்.
ஒரே மெட்டு.
தினமும் ஒரே இடத்தில்
மாடு இருமுவதுபோல வழுக்குகிறான்.
திரும்ப முதலிலிருந்து.
அவன் முகம் எனக்குத் தெரியாது.
எனக்கு மூச்சு வாங்கும் இடமும்
அவனுக்கு வழுக்கும் இடமும் ஒன்று.
இன்றைக்காவது தாண்டுவானா என்று பார்க்கத்தான்
கால் வலித்தாலும் அந்தப் படிவரை போனேன்.
அந்தப் படிவரை போனால்
வீடு நாற்பத்தைந்துதான்.

போன செவ்வாய்,
கடலில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தபோது,
தாண்டிவிட்டான்.
வழுக்கவில்லை. அந்த இடம் வந்தது, போனது.
கைதட்டலாமா என்று நினைத்தபோதுதான் தெரிந்தது,
உட்காராமல் நின்றுகொண்டிருக்கிறேன்,
இடது கையில் ரொட்டி,
மூச்சு என்னிடமே இருக்கிறது.

அடுத்த வரியில், புதிதாக வேறோர் இடத்தில்,
வழுக்கினான்.

நல்லது.
நாளைக்கும் வர வேண்டும்.