பதினோரு மீட்டர் பனி

எல்லை எங்கே என்று கேட்டால்
ஹெல்டூரின் பனிவண்டியைக் காட்டுவேன்.
ராபாவெரே ஊராட்சி முடிகிற இடத்தில்
அவன் கத்தியைத் தூக்குவான்.
எதிர்ப்புறமிருந்து வரும் கிவிலா ஊராட்சி வண்டி
தன் பங்குக்குக் கொஞ்சம் முன்னாலேயே திரும்பும்.
நடுவில் பதினோரு மீட்டர்
யார் கணக்கிலும் ஏறாத பனி.
அதைத் தாண்டுவதற்கென்றே
தபால்காரி வைகே
ஒரு மண்வெட்டி வைத்திருந்தாள்.

நான் ராபாவெரேயின் செயலாளர்.
பத்தொன்பது வருடம்.
பிறப்பு, இறப்பு, நாய்களின் பதிவு,
பள்ளிக்கூரைக் கடன்,
தெருவிளக்கு எத்தனை மணிக்கு அணைய வேண்டும்,
என் கையெழுத்து இல்லாமல்
இங்கே எதுவும் நடந்ததில்லை.
இருட்டுகூட.

தாலினிலிருந்து கடிதம் வந்தது.
ஐயாயிரம் பேர் இல்லாத ஊராட்சி
அண்டை ஊராட்சியோடு சேர வேண்டும்.
எங்களிடம் ஆயிரத்து நூற்று நான்கு பேர்.
அந்த வாரம் இல்மாரின் மனைவிக்கு இரட்டைப் பிள்ளைகள்.
ஆயிரத்து நூற்று ஆறு என்று திருத்தி அனுப்பினேன்.
அமைச்சகம் அசையவில்லை.

வரைபடமும் இணைத்திருந்தார்கள்.
எங்களையும் கிவிலாவையும் ஒரே ஊதாவில் தோய்த்து
நடுக்கோட்டைப் புள்ளிகளாக்கியிருந்தார்கள்,
தையல் பிரித்த துணியில்
ஊசித்துளை மட்டும் தெரிவதுபோல.

கடைசிக் கூட்டத்தில்
யாரும் பெரிதாக எதுவும் பேசவில்லை.
கிவிலாவின் கடன் நம் தலையில் விழுமா,
நம் காட்டு விறகில் அவர்கள் பள்ளி குளிர்காயுமா,
காப்பி இயந்திரம் எந்தக் கட்டிடத்துக்குப் போகும்.
காப்பி இயந்திரத்துக்கே நாற்பது நிமிடம்.
"கொட்டையை அரைக்கிற வகை அது,
நம் காசில் வாங்கியது"
என்று ஆகோ மேசையைத் தட்டினான்.

பெயரில் வந்து பேச்சு நின்றது.
அவர்கள் பெயர் எங்களுக்கு ஆகவில்லை,
எங்கள் பெயர் அவர்களுக்கு.
யாருக்கும் வலிக்காத ஒன்றைத் தேடி எடுத்தார்கள்:
வடசதுப்பு.
ஒரு திசையும் ஒரு சேறும்.
அங்கே பிறந்தேன் என்று சொல்லிக்கொள்ள
நாரைகளால் மட்டுமே முடியும்.

வாக்கு ஐந்துக்கு ஐந்து.
மிச்சம் லெய்டா.
அவள் அடுப்பங்கரை ராபாவெரே,
மாட்டுக்கொட்டில் கிவிலா.
முப்பது வருடமாக இரண்டு குப்பைத்தொட்டி,
இரண்டு நிறம், இரண்டு கிழமை.
பால் வாளியோடு தினம் இருமுறை எல்லை தாண்டியவள்
கையைத் தூக்கினாள்,
சேரலாம் என்று.
காரணம் கேட்டார்கள்.
"ஒரு தொட்டி போதும்."
கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதினேன்.
பத்தொன்பது வருடத்தில் நான் எழுதியதில்
திருத்தம் கேட்காத ஒரே வாக்கியம்.

முத்திரையை ஒப்படைக்குமுன்
ரப்பரின் குறுக்கே ஒரு கோடு கிழிக்க வேண்டும், விதி.
கிழிப்பதற்கு முன்
என் மணிக்கட்டில் ஒருமுறை குத்திக்கொண்டேன்.
முதல் குளியலில் போகவில்லை.
இரண்டாவதில் போய்விட்டது.

இந்தக் குளிர்காலம்
ஹெல்டூர் எங்கும் கத்தியைத் தூக்குவதில்லை.
அந்தப் பதினோரு மீட்டரும் சுத்தம்.
வைகே மண்வெட்டியை விற்றுவிட்டாள்.
ஆனால் அவன் பாதை இப்போது மூன்று மடங்கு.
காலை ஆறுக்கு வந்தவன்
பதினொன்றுக்கு வருகிறான்.
இல்மாரின் இரட்டையர்
தள்ளுவண்டியில் புதைந்து
தடுப்பூசியைத் தவறவிட்டார்கள்.

புகார் எண்ணை அழுத்தினேன்.
அறுபது கிலோமீட்டருக்கு அப்பால்
இளமையான, கனிவான ஒரு குரல்.
"ராபாவெரேயா? எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்."
சொன்னேன்.
ஒவ்வொரு எழுத்தையும் அவள் தட்டும் சத்தம் கேட்டது.
"நீங்கள் அங்கே யார்?"
செயலாளர் என்று நாக்கு கிளம்பியது,
பல்லருகே பிடித்துக்கொண்டேன்.
குடியிருப்பவள், என்றேன்.
நல்லவேளை,
அதற்கு அவளிடம் ஒரு கட்டம் இருந்தது.