ஆரை, தாள் எண் 417

உலர்தாவரத் தாளில் மை பழுப்பேறியிருக்கிறது:
"ஆரை. கந்தரோடை, வயலோரக் குழி.
தை 1979. சேகரித்தவர் வி. குலவீரசிங்கம்."
அவரைப் பற்றி வேறெதுவும் தெரியாது,
ழகரத்தின் வாலை நீட்டி எழுதுவார் என்பது தவிர.

காம்படியில் மிளகைவிடச் சிறிதாய்
கறுத்த வித்தியுறைகள்.
பட்டியலில் ஏழு.
இன்றிலிருந்து ஆறு.

சவர அலகால் ஓரத்தைக் கீறினேன்.
கீறாவிட்டால் அது தண்ணீரை நம்பாது,
எத்தனை மாரி வந்து போனாலும்
கல்லுப்போலக் கிடக்கும்.
கிண்ணத்தில் திருநெல்வேலிக் கிணற்றுத் தண்ணீர்.
சுண்ணாம்பு கூடத்தான்;
வடிகட்டியின் குழாயை எலி கடித்துவிட்டது.

மதியத் தேத்தண்ணி ஆறுவதற்குள்
உறை வாய் பிளந்தது.
உள்ளிருந்து ஒரு பசைப்புழு
நெளியாமல் நீண்டது, நீண்டுகொண்டே வந்தது,
இத்தனை நீளத்தை எங்கே மடித்து வைத்திருந்ததோ,
இருபுறமும் பைகளைச் சுமந்தபடி.
பைக்குள் பெரியது பெண். தூசி, ஆண்.

பன்னத்துக்குப் பூ இல்லை.
வண்டுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை.
இரவு பன்னிரண்டு தாண்டி, நுணுக்குக்காட்டியில்,
முறுக்காணிபோலச் சுழன்று சுழன்று
ஆண்கலங்கள் புறப்பட்டன
ஒரு சொட்டுத் தண்ணீரின் குறுக்கே.
கரண்ட் போனது.
மிச்சம் இருட்டில் நடந்திருக்கும்.
பதிவேட்டில் "பார்த்தேன்" என்று நான் எழுதவில்லை.

நாற்பத்தைந்து வருஷம் என்றதும்
டெனிஸ்ரன் சொன்னான்: "எங்கட சனம் மாதிரி, என்ன?"
இல்லையடா என்றேன்.
அது காத்திருக்கவில்லை.
காத்திருக்க ஒரு ஆள் வேண்டும்.
உறைக்குள் இருந்தது மாப்பொருளும்
கொஞ்சம் கொழுப்பும்.
அவன் நம்பவில்லை. எனக்கும்
சொன்னபிறகு அவ்வளவு நிச்சயமில்லை.

முதல் இலை வெறும் நூல்.
அடுத்தது நுனியில் இரண்டாய்ப் பிரிந்தது.
பிறகுதான் நாலு.
பொழுதுபட்டால் நாலும்
விரித்த குடையைச் சுருக்கியதுபோல் ஒடுங்கும்.
பேசினில் தண்ணீர் கூடினால் மிதக்கும்,
வற்றினால் சேற்றில் நிமிர்ந்து நிற்கும்.

ஒரு சனிக்கிழமை கந்தரோடைக்குப் போனேன்.
குழி என்று யாருக்கும் நினைவில்லை.
காட்டிய இடத்தில் மதில்,
மதிலில் ரியூசன் விளம்பரம்,
மதிலடியில் ஈரம் மட்டும் கொஞ்சம்.

திங்கள் காலை பேசின் பாதி மொட்டை.
கூட்டுமாறோடு நின்ற பிலோமினா அக்கா சொன்னா:
"ஆரைதானே தம்பி, வீணாக் கிடக்குது எண்டு
வறை வறுத்தனான்.
தேங்காய்ப்பூ கொஞ்சம் கூடிப்போச்சு."

பதிவேட்டைத் திறந்து வைத்திருக்கிறேன்.
முளைத்தது, பிழைத்தது, இறந்தது
என்று மூன்றே நிரல்கள்.