எடைப் பதிவு, நான்காம் தொட்டில்

எடையே இல்லாத இடத்தில்
எடை பார்ப்பது என் வேலை.
வந்து சேரும் கலத்தை ஸ்பிரிங்குகளில் பூட்டி
ஒரு தட்டுத் தட்டிவிடுவேன்.
லேசானது படபடவென்று ஆடும்.
கனத்தது யோசித்து யோசித்து ஆடும்.
தொட்டில் என்கிறோம் அதை,
கார்வாத் நிலையத்தில் ஒரு குழந்தைகூட இல்லை என்றாலும்.

குளவிகள் ஒற்றை ஆள் கலங்கள்.
கூர் மூக்கு, மெலிந்த இடுப்பு,
வால் அறையில் எட்டுக் குண்டுகள்.
இருக்கை என்று சொல்கிறார்களே,
அது விமானியின் முதுகுக்கு வார்த்த நுரைப் பள்ளம்.
பதினொரு மணி நேரக் காற்று, ஒரு மூக்குக்கு.
ஒரு குழாய்த் தண்ணீர், ஒரு வாய்க்கு.
மூடியைச் சாத்திவிட்டால்
ஏப்பம் விடவும் இடமில்லை என்பாள் ருவேல் அஸ்காந்த்.

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்
என்று பயிற்சிக்கூடச் சுவரில் எழுதியிருக்கிறது.
எழுதியவர் விமானி அல்ல.

போன குளவி குறைந்துதான் திரும்பும்.
எரிபொருள் குறையும், குண்டு குறையும்.
தானே வழி தேடி வந்த சில கலங்களில்
சரியாக ஓர் ஆளின் எடையும் குறைந்திருக்கிறது.
அதற்கும் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
கூடி வந்ததில்லை.

ருவேல் போகும்போது 4806.
எரிந்தது 1340. குண்டு அறை காலி, அது 304.
3162 இருக்க வேண்டும்.
தட்டினேன். தொட்டில் யோசித்தது.
மறுபடி தட்டினேன்.
3233.

மூடியின் உள்பக்கம் முழுக்க உறைந்த மூச்சு.
திறந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை:
"விளக்கை அணை."
அணைப்பதற்குள் பார்த்துவிட்டேன்.
அவள் மடியில் மடிந்து கிடந்தான் ஒருவன்,
வெளி வளையத்தாரின் சாம்பல் உடுப்பில்,
ஒரு முழங்கால் அவள் விலாவுக்கும் சுவருக்கும் இடையே.
பிரிப்பதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று.
எது யார் கை என்று அவர்களுக்கே தெரியவில்லை.

நம் மொழியில் அவனுக்கு எண்கள் மட்டும் தெரியும்.
நம் அலைவரிசையை ஒட்டுக்கேட்டுப் படித்தவை.
தரையில் கால் பட்டதும் "ஒன்பது" என்றான்.
காற்று மானியைப் பார்த்தேன்.
ஒன்பது நிமிடம்.

"அவன் கலத்தை யார் உடைத்தது?"
"கேட்கவில்லை."
"குண்டு சுட்டதாகப் பதிவே இல்லையே?"
"சுடவில்லை. அறையைத் திறந்து கொட்டிவிட்டேன்."
"அவன் பாரத்துக்கு இரண்டு போதுமே. எட்டையுமா?"
தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே யோசித்தாள்.
"எண்ணத் தோன்றவில்லை."

குளவி கொட்டியது என்று எழுதலாம்தான்.
பொய்யில்லை.

மறுநாள் தணிக்கைக்கு வந்தார் தோப்ரின் கெஷ்ட்.
விரலை அந்த வரியில் வைத்தார்.
"எழுபத்தொரு கிலோ?"
"பனி ஐயா. வளையத் தூசியில் உரசி வந்திருக்கிறது."
"எங்கே அது?"
"உருகிவிட்டது."
என் அறை அலமாரிக்குள் அப்போது
பனி இரண்டாவது கிண்ணம் பாசி சூப் குடித்துக்கொண்டிருந்தது,
மூன்று, நான்கு என்று
கரண்டியை எண்ணிக்கொண்டே.

பத்தொன்பதாம் நாள் உப்புப் படகில் ஏற்றிவிட்டேன்.
போய்ச் சேர்ந்ததா, தெரியாது.
உப்புக்கு நான் எடை பார்ப்பதில்லை.

ருவேலுக்குப் புது நுரை வார்க்க ஆள் வந்தபோது
வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாள்.
பழையதன் இடது விளிம்பில்
ஒரு முழங்கால் அளவுக்குப் பள்ளம்.
கையுறைகளை அதில் செருகி வைத்துக்கொள்கிறாள்.

இன்று காலை மறுபடி புறப்பாடு.
எட்டுக் குண்டும் ஏற்றித்தான் அனுப்பினோம்.
4806.
தட்டிவிட்டேன்.
எப்போதும்போல ஆடியது.