மரத்தூள் சாக்கு

குயினைன் புட்டிகள் உடையாமலிருக்க
இடையே திணித்த காகிதம் அது.
நியூயார்க்கில் கசக்கி, சென்னையில் இறக்கி,
வாலாஜா ரோட்டிலிருந்து மாட்டுவண்டியில் குலுங்கி
ராணிப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு வந்தது.
மருந்து துரைக்கு.
காகிதம் கம்பவுண்டர் மாசிலாமணிக்கு,
அதாவது எனக்கு.

உள்ளங்கையால் நீவினால் ஒரு பந்தாட்டம்.
சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறார்கள்!
பச்சைத் தொப்பிக்கும் சாம்பல் தொப்பிக்கும்
கோடை முழுக்கப் பகை.
என்னிடம் வந்தது ஐப்பசியில்,
அதுவும் பின்னால் நடந்தது முன்னால்.
முதல் பெட்டியில் ஆகஸ்ட், அடுத்ததில் மே.
ஜூன் மாதத்தை எலி தின்றிருந்தது.

எனக்குப் புரிந்தது இவ்வளவு:
வீடு என்று ஒரு வெள்ளைக் கல்.
அங்கே தடியோடு நிற்பவன் பந்தை அடித்துவிட்டு ஓடுவான்.
மூலைக்கு ஒரு சாக்காக மூன்று சாக்கு.
மூன்றையும் தொட்டு வீட்டுக்கே திரும்பினால் ஒன்று.
எங்கும் போய்ச் சேர வேண்டாம்,
புறப்பட்ட இடத்துக்கு வந்தாலே கணக்கு.

மருந்துப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து
பின்னோக்கி எழுதிவந்தேன்.
ஹாலரன் என்றொருவன், பந்து பிடிப்பவன், வெறுங்கை.
சுண்டுவிரல் ஒடிந்து தொங்கியது;
பக்கத்து விரலோடு சேர்த்துக் கந்தல் சுற்றி
மறுபடி குந்திவிட்டான்.
நானாக இருந்தால் சிம்பு வைத்து
முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் பூசியிருப்பேன்,
உளுந்து இருந்தால்.

மே மாதம் பந்து ஒரு சாராயக் கிடங்கின் கூரையில் உருண்டு
புறாக்கூண்டுக்குள் விழுந்தது.
இவர்கள் ஏணி தேட
அடித்தவன் ஓடவில்லை, நடந்தான்,
பெண்கள் பக்கம் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டபடி.
இரவில் தனியே படித்துச் சிரித்தேன்.
சன்னலில் பார்த்த காவல்காரன் திம்மப்பன்
காலையில் வேப்பிலையோடு வந்தான்.

கார்த்திகை. தாது வருஷத்துக் கார்த்திகை.
பாலாற்றில் ஆள் உயரம் தோண்டினால்தான் ஈர மணல்.
கஞ்சித் தொட்டி வரிசை ஆஸ்பத்திரி மதில் வரை.
அன்று பிரித்தது செப்டம்பர்:
ஐந்தாம் சுற்று, சாம்பல் தொப்பி இரண்டு முன்னால்,
பிறகு ஒரே வரி.
மழையால் ஆட்டம் நின்றது.

வாய்விட்டுப் படித்துவிட்டேன் போல.
வரிசை திரும்பியது.
"எந்த ஊர்ல?"
கடல் தாண்டி.
"எத்தினி உழவு மழை?" என்றார்
காவேரிப்பாக்கம் ஏரியில் மதகு திறந்தவர்.
காகிதத்தில் அது இல்லை.
ஆடியவர்கள் கொட்டகையில் ஒதுங்கினார்கள்,
சீட்டு வாங்கிய கூட்டம்
காசைத் திருப்பிக் கேட்டுக் கத்தியது.
"மழைக்கா கத்துனாங்க?"
பொன்னையிலிருந்து நடந்துவந்த வேண்டா,
பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு,
"இன்னொரு தபா படி."
படித்தேன்.
மழையால் என்பதோடு அவர்களுக்குப் போதுமாயிருந்தது.
நான்தான் விடாமல் ஆட்டத்தையும் விளக்கினேன்,
தடி, கல், மூன்று சாக்கு.
"சாக்குல இன்னா கீது?"
மரத்தூள்.
யாரோ சிரித்தார். அது ஆள் ஆளாகப் பின்னால் போயிற்று,
அம்மூர்க்காரர்களிடம் சேர்வதற்குள் இருமலாகி.

தை பிறந்தபோது பதிவேட்டின் முன்பக்கங்கள்
வந்து பின்பக்கங்களை முட்டின.
பெயர், ஊர், நோவு, கடைசியில் ஒரு கட்டம்:
வீடு சேர்ந்த தேதி.
அதே தாளில் கீழே, தலைகீழாக, பச்சைத் தொப்பி ஏழு.
துரை புரட்டிப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் புதுப் பதிவேடு தந்தார்.

கடைசி ஆட்டம் பாதிதான் கிடைத்தது.
ஒன்பதாம் சுற்று. சமம்.
மூன்றாம் சாக்கில் ஹாலரன், விரல் கட்டோடு.
அடிப்பவன் தடியை ஓங்குகிறான்,
அங்கே கிழிந்திருக்கிறது.
மறுபாதி சுற்றிய புட்டி வேலூருக்குப் போயிருந்தது.
ஆள் விட்டுக் கேட்டேன்,
அடுப்புப் பற்றவைத்தாயிற்றாம்.

வேண்டாவுக்கு எதிரே கட்டம் காலி.
மாசியில் பொன்னை வண்டிக்காரனை நிறுத்தி விசாரித்தேன்;
அந்தத் தெருவில் புகையே இல்லை என்றான்,
ஆளைப் பார்த்ததாகவும் சொல்லவில்லை, பார்க்காததாகவும்.

ஹாலரன் இன்னும் சாக்கின் மேல் நிற்கிறான்.
இரண்டு பேரில் எவரையும்
அவுட் என்று எழுத எனக்கு அதிகாரமில்லை.
கம்பவுண்டர்தானே.