ஒண்டுமில்ல

தம்போவில் மூன்று வருடம் மருத்துவம் படித்து
நாலாம் வருடம் விட்டுவிட்டு வந்தவள் நான்.
அந்த மொழியில் எனக்கு மிச்சம்
இரவு ஒரு மணிக்கு, சத்தத்தைக் குறைத்து,
பார்க்கிற வீடியோக்கள்.

அவற்றில் மனச்சோர்வு
எப்போதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறது.
வெளியே மழை, இல்லாவிட்டால் பனி.
கம்பளிச்சட்டையின் கை விரல்நுனி வரை நீள்கிறது.
பியானோவில் நாலே நாலு கட்டை.
தலைமுடி கலைந்திருக்கிறது;
கலைத்துவிட்ட யாரோ
சட்டகத்துக்குச் சற்று வெளியே நிற்கிறார்.

இன்னொன்றில் உளவியலாளர் ஒருத்தி
ஐந்து அறிகுறிகள் சொல்கிறாள்.
கண்மணி இரண்டிலும் வட்ட விளக்கு எரிகிறது.
நாலாவதற்குள் தூங்கிவிடுவேன் என்று பார்த்தால்
ஐந்தும் முடிந்து, பற்பசை விளம்பரமும் முடிந்து,
விழித்தே கிடக்கிறேன்.

எனக்கு அது வெயிலில் வந்தது.
சித்திரை மாதம், பகல் ஒன்றரை, கல்லடிப் பாலம்.
ஸ்கூட்டியை நிறுத்தினேன்.
ஏன் நிறுத்தினேன் என்று தெரியாமல் நின்றேன்.
வாவி முழுக்கச் சில்லறை கொட்டினமாதிரி மினுங்கியது.
பின்னால் ஆட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார்.
யாரும் படம் பிடித்திருந்தால்
சுற்றுலா விளம்பரம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.
பிறகு காத்தான்குடிக்குப் போய்
மச்சாளுக்குச் சட்டைத்துணி வாங்கினேன்.
விலைகூடப் பேசினேன்.

நேற்று மத்தியானம் ஒருவனைக் கண்டேன்.
எங்கேயோ ஒரு குசினி.
போனைப் போத்தலில் சாத்தி வைத்திருக்கிறான்.
இசை இல்லை.
பதினொரு நிமிடம் ஒரு கரண்டியைக் கழுவுகிறான்.
அது எப்போதோ சுத்தமாகிவிட்டது.
ஏழாவது நிமிடம் அடுத்த அறையிலிருந்து ஒரு குரல்:
எப்படி இருக்கிறாய்?
நிச்சிவோ, என்கிறான், திரும்பாமல்.

ஒன்றுமில்லை என்றும் அர்த்தம்,
பரவாயில்லை என்றும்.

அந்த நேரம் பார்த்து
மச்சாள் யோகவதனி, இறால் உரித்த கையோடு
வாசலில்:
"என்ன புள்ள, முகமெல்லாம் ஒருமாதிரிக் கிடக்கு?"

"நிச்சிவோ."
வாய் தவறிவிட்டது.

ஒண்டுமில்ல என்றிருந்தால் போயிருப்பாள்.
இரண்டு வருடமாக அப்படித்தான்
போய்க்கொண்டிருந்தாள்.

"அப்பிடியெண்டா?"

"ரஷ்யன். விளங்கப்படுத்த நேரமெடுக்கும்."

திரையில் குழாய் இன்னும் திறந்தபடி.
அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னை.
முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு சொன்னாள்:
"இரி. அடுப்ப நிப்பாட்டிப்போட்டு வாறன்."