நவம்பர் ஒன்பது

அலமாரி அவனுக்கு.
காபி அரைக்கும் இயந்திரம் எனக்கு.
பனிச்சறுக்குக் கட்டைகளில் நீளமானவை அவனுக்கு,
என் காலை உடைத்தவை எனக்கு.
பூனை யாரையும் கேட்காமல்
கீழ்வீட்டு இம்பியிடம் குடிபோய்விட்டது.

தார்த்து நகரம், அன்னெலின் குடியிருப்பு,
ஒன்பது மாடியில் ஏழாவது.
ஆற்றில் பனிப்பாளம் உடைகிற மார்ச்.
பாகம் பிரிக்க வக்கீல் வேண்டாம்,
சமையல் மேசை போதும் என்றிருந்தோம்.
கடைசியில் மிஞ்சியது
மேசைக்கு அடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர்,
அதற்குள் ஒரு தீவு.

இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு மணி நேரம்.
முப்பத்தொரு ஆடுகள், ஒரு கலங்கரை விளக்கம்.
ரொட்டிக்கூடத்தில் இரவு வேலை முடித்து வந்து
காலையில் நான்.
ராத்திரியில் ரூபென்.
ஒரே ஆட்டம், ஒரே சேவ்.
படகுத்துறையில் பலகை நட்டு
அதில் எழுதிக்கொள்வோம்:
"கொட்டகைக்குக் கூரை போட்டாச்சு."
"கறுப்பி குட்டி போட்டாள். ரெண்டு."
வீட்டில் பேசியதைவிட
பலகையில் பேசியது அதிகம்.
நாற்பது எழுத்துக்கு மேல் அதில் இடமில்லை,
சண்டை பிடிக்க அது போதாது.

"பெட்டியை நீ எடுத்துக்கொள்,
தீவை நான் நகலெடுத்துக்கொள்கிறேன்."
"எங்கே இருக்குன்னு தெரியுமா?"
பல்லால் டேப்பைக் கிழித்தபடி கேட்டான்.
தெரியாது.

பெயரைப் போட்டுத் தேடினேன்.
ஆட்டம் அகப்பட்டது, நாங்கள் ஆடியது அகப்படவில்லை.
உடம்பு இங்கே, உயிர் கிளிக்குள் என்கிற
அரக்கன் கதைதான்.
டாக்குமென்ட்ஸில் இல்லை.
"மறைந்திருப்பவற்றையும் காட்டு" என்று ஒரு கட்டம்;
டிக் அடித்தேன்.
வெளிறிய மஞ்சளில் ஃபோல்டர்கள் எழுந்து வந்தன.
இத்தனை நாளும் அங்கேயேதான் இருந்திருக்கின்றன.
கேள்விப்படாத ஒரு கம்பெனியின் பெயருக்குள்,
அதற்குள் வால் நீண்ட ஓர் எண்ணுக்குள்,
பதினான்கு எம்.பி.
ஆறு வருடம்.
கைப்பேசியில் எடுத்த மூன்று படங்களின் கனம்.

பக்கத்தில் இன்னொன்று.
அதே பெயர், கடைசியில் மட்டும் "நகல்".
நவம்பர் ஒன்பது, இரவு பதினொன்று நாற்பது.

போகிறேன் என்று அவன் சொன்னது ஜனவரியில்.
காய்ந்த கிறிஸ்துமஸ் மரத்தை
இருவரும் பால்கனியில் உலுக்கிக்கொண்டிருந்தோம்.

"நவம்பர்லே டிஸ்க் முனகிச்சு,"
நான் வாய் திறக்குமுன் சொன்னான்.
"போயிடுமோன்னு பயம்."
எது என்று நான் கேட்கவில்லை.
குனிந்து பெட்டியின் மேல் காதை வைத்தேன்.
முனகல் இருந்தது.
வாங்கிய நாளிலிருந்தே முனகுகிற பெட்டி அது.

பென் டிரைவுக்கு இரண்டையும் இழுத்தேன்.
பச்சைப் பட்டை இரண்டு நொடி ஊர்ந்தது.
மேசையை வெட்டியிருந்தால் ஆளுக்குப் பாதி மேசை.
இதை வெட்டவே முடியவில்லை:
முப்பத்தொன்றும் அவனுக்கு,
முப்பத்தொன்றும் எனக்கு,
இனி இரண்டு கறுப்பிகள்
ஒன்றுக்கொன்று தெரியாமல் குட்டி போடும்.

ரூபென் பேர்னுவுக்குப் போய் எட்டாம் நாள்.
திறந்து பார்க்காத நகல் நகலே அல்ல என்பார்கள்.
கடன் வாங்கிய லேப்டாப்பில்
மார்ச்சை விட்டுவிட்டு நவம்பரைத் திறந்தேன்.
மழை. படகுத்துறை. பலகை.
"லீலோ, கிழக்கு வேலி ஆடுது. நாளைக்குப் பார்க்கிறேன்."
படித்த ஞாபகமில்லை.
வேலை முடிந்து வந்து கண் செருகிய காலையாக இருக்கும்,
படித்துவிட்டு அழித்திருப்பேன்.

மரம் வெட்டி, கம்பம் அடித்து,
வேலியை நானே சரிசெய்தேன்.
அரைமணி நேர வேலை.
சேவ் கொடுத்ததும்
"பழையதன் மேல் எழுதவா?" என்று கேட்டது.
ஆடுகள் மழையில் நின்றன.
அவன் ஆள், விளையாட யாரும் இல்லாமல்,
கலங்கரை விளக்கின் வாசலில்
கண் மூடாமல் தூங்கிக்கொண்டிருந்தான்.

எனக்குப் பத்து மணிக்கு ஷிப்ட்.
கேள்வியை அப்படியே திரையில் விட்டுவிட்டு
பூட்ஸ் மாட்டினேன்.
படியிறங்கும்போது இம்பியின் கதவுக்குப் பின்னால்
பூனை கத்தியது,
என்னைப் பார்த்துத்தான் என்று சொல்ல முடியாது.